நூற்றியோராவது பெட்டி

எனக்குப் பக்தி அதிகம், விவரம் குறைவு. இரண்டையும் ஒரே லாரியில் ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பியவன் நான்.

செஞ்சியில் நானும் என் மனைவி சாந்தாவும் மல்லாட்டை உருண்டை (வெளியூர்க்காரர்களுக்குக் கடலை உருண்டை) பிடித்து விற்கிறோம். மலேசியாவிலிருந்து ஒரு கடைக்காரர் தீபாவளிக்கு நூறு பெட்டி கேட்டார். முதல் வெளிநாட்டு ஆர்டர். கப்பலைத் தவறவிட்டால் சரக்கு தீபாவளி முடிந்துதான் போய்ச் சேரும். அப்புறம் யார் வாங்குவார்கள்?

சுங்க வேலைகளைப் பார்க்கக் கிளியரிங் ஏஜெண்ட் பாஸ்கரைப் பிடித்தேன். போனிலேயே சொல்லிவிட்டார்: "பேப்பர்ல இன்னா இருக்குதோ அதாண்ணா வரணும். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா தம்பி?" என்றேன். (தெரியாது.)

லாரிக்குக் கற்பூரம் காட்டும்போதுதான் உறைத்தது. மொய்கூட நூறு என்று மொட்டையாக எழுத மாட்டோமே, முதல் சரக்கை அப்படி அனுப்புவதா? அங்காளம்மாவைக் கும்பிட்டு இன்னொரு பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

மறுநாள் காலை போன்.

"அண்ணா, பேப்பர்ல நூறு. இங்க நூத்தியொண்ணு இருக்குது. அந்த ஒண்ணு இன்னா?"

"அது சும்மா தம்பி. மங்களகரமா இருக்கட்டும்னு."

"கஸ்டம்ஸ்ல சும்மான்னு ஒண்ணு இல்லண்ணா. எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் கப்பல். கெளம்பி வாங்க."

பஸ் பிடித்து ஓடினேன். கிடங்கில் நூற்றியொரு பெட்டிகளும் வாயைப் பிளந்து கிடந்தன. பாஸ்கர் சட்டை நனைய அதிகாரியின் மேசைக்கும் பெட்டிகளுக்கும் நடையாய் நடந்தார். என் சார்பில் விளக்கக் கடிதம் எழுதி நீட்டினார். அதுவரை ஏஜெண்ட் என்றால் கமிஷன் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தித் தருபவர் என்றே நினைத்திருந்தேன்.

"எதுக்குய்யா கூட ஒண்ணு?" என்றார் அதிகாரி.

"சார், நீங்க வெறும் நூறு ரூபா மொய் வெப்பீங்களா?"

பாஸ்கர் என் காலை மிதித்தார். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெக்க மாட்டேன். ஆனா அந்த ஒண்ணையும் மொய் நோட்டுல எழுதுவேன்."

சாயங்காலத்துக்குள் பாஸ்கர் எல்லாவற்றையும் மறுபடி ஒட்டவைத்து, நூறு பெட்டிகளைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டார். நூற்றியோராவது என் மடியில் உட்கார்ந்து செஞ்சி திரும்பியது. பாதி பஸ்ஸிலேயே காலி, மீதி அங்காளம்மாவுக்கு.

வருஷா வருஷம் மலேசியாவுக்கு உருண்டை போகிறது. லாரி கிளம்பும்போது சாந்தாதான் எண்ணுகிறாள், நான் கற்பூரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டில்தான் நிம்மதி இல்லை. நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டினால் போதும், அவள் கை அப்படியே நின்றுவிடும்.

"பேப்பர்ல மூணுதான இருக்குது?"