விருது வாங்கிய தப்பு

எமனே நேரில் வந்து நின்றாலும், "உங்க கணக்குல தப்பு இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடக்கூடிய ஒரே பெண் எங்கள் தப்புதான். பெற்றவர்கள் நல்ல பெயர்தான் வைத்தார்கள். வாயைத் திறந்தால் முதலில் வரும் சொல் "தப்பு" என்பதால் ஊர் அதை மாற்றிவிட்டது.

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் நானும் அவளும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கணினியுமாக ஆராய்ச்சி. ஒருநாள் கோலா குபு பாரு சாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டி மாட்டிக்கொண்டேன். போலீஸ்காரர் அபராதச் சமன் எழுதி நீட்டினார். பார்த்தால், கார் எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார்! முருகா என்று வண்டியைக் கிளப்பினேன். பக்கத்தில் இருந்தவள் கண்ணாடியை இறக்கி, "என்சிக், நம்பர் தப்பு" என்றாள். அவர் நன்றி சொல்லித் திருத்திக் கொடுத்தார். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய விருது அறிவித்தார்கள். ஒரு புரோகிராம் ஓடுவதற்கு முன்பே அதில் பிழை உண்டா என்று கணினியே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்று நிரூபித்திருந்தாளாம். எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் அவள் பிறந்த செம்பனைத் தோட்டத்தில் அதுகூடப் புரிய வேண்டியிருக்கவில்லை. கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா. வாசலில் அவள் முகம் போட்ட பேனர். செம்பனை லோரி ஓட்டி அவளைப் படிக்கவைத்த அப்பா, முன்வரிசையில் புதுச்சட்டையோடு.

மாலை போட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குடுத்த விருது தப்பு. நேத்துத்தான் பார்த்தேன், என் நிரூபணத்துல ஒரு ஓட்டை இருக்கு. விருது குடுத்தவங்களுக்குக் காலையிலயே சொல்லிட்டேன்."

பேச்சு முடிந்ததென்று நினைத்து நாதஸ்வரக்காரர் ஊதத் தொடங்கினார்; யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். கோயில் தலைவர் வியர்த்துப்போய் அவள் காதருகே குனிந்தார். அவர் கிசுகிசுத்ததை மைக் மண்டபத்துக்கே சொன்னது.

"ஏம்மா, இத நாளைக்குச் சொல்லக் கூடாதா லா?"

"நாளைக்கும் தப்பாத்தான் இருக்கும், அங்கிள்."

சொல்லிவிட்டு மாலையைக் கழற்றப் போனாள். அப்பா எழுந்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"அந்த ஓட்டைய யாரு கண்டுபிடிச்சா?"

"நாந்தாம்பா."

"நீ சொல்றவரைக்கும் வேற யாருக்கும் தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"அப்ப மாலைய எதுக்குக் கழட்டுற? போட்டுக்க."

விருது போயிற்று. அதை நம்பி வரவிருந்த வெளிநாட்டு வேலையும் போயிற்று. ஒரு காலையில் பார்க்கிறேன், சமையலறையில் நின்று அழுதுகொண்டிருக்கிறாள். "எல்லாம் சரியாயிரும்டி" என்றேன். "தப்பு" என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மண்டபத்தில் அதிர்ந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இதுதான் என்னை உலுக்கிவிட்டது.

பிறகு மாதக்கணக்கில் அந்த ஓட்டையோடு மல்லுக்கட்டினாள். பாலைப் பொங்கவிட்டாள், கதவைப் பூட்ட மறந்தாள், ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் அவள் செருப்புமாகப் பல்கலைக்கழகம் போனாள். ஓட்டையை முழுதாக அடைக்க முடியவில்லை. முன்பு சொன்னதில் பாதிதான் உண்மையாம். ஆனால் அந்தப் பாதியை இனி யாராலும் அசைக்க முடியாதாம். அதற்கு வேறொரு விருது வந்தது. கையை விரித்த இடமே வேலைக்கும் கூப்பிட்டது. "நல்லா யோசிச்சீங்களா?" என்று அவர்களையே கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

போன தீபாவளிக்கு வந்தாள். அழைத்துவர அவள் அப்பாவும் நானும் விமான நிலையம் போனோம். விமானம் மாலையில்தான். நாங்கள் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டோம்.