வெண்ணெய் இல்லாமலே கரையும் மருந்து

என் மகளைக் குறையில்லாமல் வைத்திருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர.

உங்கள் ஆராய்ச்சி வெற்றி பெற்றதாக மகள் போனில் சொன்னாள். வாழ்த்துகள். அந்த வெற்றியால் என் காலை உணவு பறிபோனதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டதென்று டாக்டர் சொன்ன நாள்முதல் உங்கள் மாமியார் எனக்கு வேகவைத்த காய்கறியையும் அறிவுரையையும் மட்டுமே பரிமாறி வந்தாள். அதற்கு டாக்டர் கொடுத்தது உங்கள் கம்பெனி கேப்சூல். நீங்கள் வந்திருந்தபோது அதைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் கொட்டிக் காட்டினீர்கள். பொடி துளியும் கரையாமல், என் பழைய மேலதிகாரி மாதிரி மேலேயே மிதந்தது. "இது தண்ணியில கரையாது மாமா. கரைஞ்சாதான் ரத்தத்துல சேரும். கொழுப்போட சேர்ந்தா கரையும், கொஞ்சம் வெண்ணெயோட சாப்பிடுங்க" என்றீர்கள். "கொஞ்சம்" என்றது என் காதில் சரியாக விழவில்லை. மறுநாள்முதல் ரொட்டி வெண்ணெய்க்கு அடியில் ஒளிந்துகொண்டது. உங்கள் மாமியார் முறைத்தால், "மருந்து கரைய வேணாமா?" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த ஒரே வாதம் அதுதான்.

நீங்கள் சும்மா இருந்தீர்களா? பொடியை எண்ணெயில் கரைத்து, எண்ணெய் தண்ணீரோடு கலக்க சோப்பு மாதிரி ஏதோ சேர்த்து, வயிற்றுக்குள் தானாகவே பரவும்படி கேப்சூலில் அடைத்துவிட்டீர்கள். புதுப் பெட்டி வந்ததும் மாமியார் உள்ளேயிருந்த தாளை உரக்கப் படித்தாள். "வெறும் வயித்துலயும் சாப்பிடலாம்னு போட்டிருக்கே." வெண்ணெய் டப்பா அப்போதே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நம்பாமல் ஒரு கேப்சூலை வெட்டி டம்ளரில் விட்டேன். பாவி மருந்து, பால் மாதிரி கலந்துவிட்டது. "வீணாக்காதீங்க, குடிங்க" என்று அதையும் குடிக்கவைத்தாள். சோப்புத் தண்ணீர் ருசி.

உங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைத்தான் வயிறு என்கிறீர்கள். அந்த வயிற்றுக்குப் பக்கத்தில் மனைவி நிற்பதில்லை என்பதை யோசித்தீர்களா? எத்தனையோ பேர் ஒன்றுமே செய்யாமல் பதவி உயர்வு வாங்குகிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் உழைத்து அடுத்தவர் குடும்பத்தைக் கெடுக்க வேண்டும்? பழைய கேப்சூலையே அனுப்பி வைக்கவும்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்களுக்குரிய ஆசி, பழைய சரக்கு வந்து சேர்ந்ததும்.

இப்படிக்கு,
இளைத்துக்கொண்டே வரும் மாமனார்

பின்குறிப்பு: டாக்டர் இப்போதுதான் போன் செய்தார். கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டதாம். உங்கள் மாமியார் அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமேலாவது தூங்குவேன்" என்றாள். இத்தனை மாதம் அவள் தூங்கவில்லை என்பதே எனக்குத் தெரியாது. மேலே எழுதியது அத்தனையையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். புதுக் கேப்சூலே தொடரட்டும். தாளில் இருப்பது அச்சுப்பிழை, இதற்கும் வெண்ணெய் வேண்டும் என்று மட்டும் அவளுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.