வில்லன் ஆள் கம்பை எடுத்துக் கொடுத்த கதை

அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல், அடிக்கக் கூடாத நேரத்தில் அடித்து, ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிய பெருமை எனக்கு உண்டு. அந்த எட்டில் ஒருத்தி என் மனைவி இசக்கி என்பதால், கதையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் சுதந்திரம் எனக்கில்லை.

குற்றாலத்தை ஒட்டிய ஒரு தோப்பில் ஷூட்டிங். ஹீரோ பறப்பார், மலையைப் பிளப்பார், அந்த வகைப் படம். ஆனால் இந்த முறை ஹீரோ வெள்ளைக்காரர் இல்லை, ஆசிய முகம். (‘நம்ம ஆளு’ என்று சொந்தம் கொண்டாட எங்கள் ஊருக்கு அது போதும்.) சண்டைக் காட்சி அமைப்பவரும் ஆசியக்காரப் பெண்மணிதான். ஆசியா என்றால் கறுப்பு முகமூடியும் வளைந்த வாளும்தான் என்று நம்பிக்கொண்டிருந்த டைரக்டரோடு மல்லுக்கட்டி, “இந்த மலையைக் காட்டினால் இந்த ஊர்ச் சண்டையைத்தான் காட்ட வேண்டும்” என்று சிலம்பத்துக்கு ஒரே ஒரு பிற்பகல் வாங்கியிருந்தார். அது சரியாக வரவில்லையென்றால் பழையபடி முகமூடிதான்.

இலஞ்சியில் சிலம்பம் ஆடுகிற நாங்கள், இசக்கியையும் சேர்த்து எட்டுப் பேர் போனோம். முன்னால் நிற்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். திறமை என்று அன்றைக்கு நினைத்தேன், மீசைதான் காரணம். தென்காசியில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொல்லி, ஆபீஸ் லீவு லெட்டரிலும் ‘ஹாலிவுட் நடிப்பு காரணமாக’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

காட்சி சின்னது. நானும் ஹீரோவும் கம்பு சுற்றுவோம். அவர் கம்பு நழுவிக் கீழே விழும். நான் உடனே அவர் தலையைப் பார்த்து வீச வேண்டும். ஒரு சாண் தள்ளித்தான் போக வேண்டும், கேமராவுக்குப் பட்ட மாதிரியே தெரியும். பிறகு அவர் வெறுங்கையால் என்னைப் பறக்க விடுவார். அதற்கு என் இடுப்பில் கம்பி கட்டியிருந்தார்கள்.

முதல் டேக். கம்பு விழுந்தது. நான் குனிந்து அதை எடுத்தேன், மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன், இரண்டு கையாலும் ஹீரோவிடம் நீட்டினேன்.

எங்கள் களத்து வழக்கம் அது. எதிரே நிற்பவன் கம்பு விழுந்தால் அடிக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி ஆட்டம். பத்து வயதிலிருந்து செய்து செய்து, கை என்னைக் கேட்காமலே போய்விடும்.

எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த மாரியப்பன் அண்ணாச்சி ஓடி வந்தார். “ஏலே முருகேசா, நீ வில்லன் ஆளுலே. அவரக் கொல்லணும். மரியாத செய்யவா உன்னியக் கூட்டிட்டு வந்துருக்கு?”

“கை தானா போயிருது அண்ணாச்சி.”

இரண்டாவது டேக்கிலும் தானாகவே போனது. மூன்றாவதில் பாதி குனிந்து சுதாரித்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஹீரோ பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டார்.

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “வீட்ல ஒரு டம்ளர் விழுந்தா தாண்டிப் போவீய. இங்கன மட்டும் என்ன குனிஞ்சு குனிஞ்சு எடுக்கீய?”

மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் வாட்சைப் பார்த்தார். அந்தப் பெண்மணி என்னிடம் வந்து, எனக்குப் புரிய வேண்டுமென்று மெதுவான இங்கிலீஷில், “எனக்காக ஒரே ஒரு தடவை கெட்டவனாக இருங்கள்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத நம் கம்புக்காக இவர் இவ்வளவு பாடுபடும்போது, நான் இடையில் நின்று கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது டேக். குனியாதே, குனியாதே என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டேன். கம்பு விழுந்தது. நான் குனியவில்லை. வீசினேன். குனியாமல் இருப்பதிலேயே முழுப் புத்தியும் போய்விட்டதால், அந்த ஒரு சாண் மறந்துபோனது.

மடேர் என்று தோளில் விழுந்தது. உலகத்தைக் காப்பாற்றுகிறவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் கம்பைப் போட்டுவிட்டு, “ஐயோ சார், ஸாரி சார்” என்று இரண்டு மொழியிலும் புலம்பினேன். டாக்டர் வந்தார், ஐஸ் வந்தது.

தோளைத் தேய்த்துக்கொண்டே ஹீரோ எழுந்தார். என் கம்பை எடுத்தார், மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார், இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். மூன்று டேக்கில் கற்றுக்கொண்டிருக்கிறார், பாவி மனுஷன். யூனிட்டே கைதட்டியது. அந்தப் பெண்மணி ஆசையோடு கேமராக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். அடி விழுந்ததுமே கேமராவை நிறுத்தியிருந்தார். சாரல் பிடித்துக்கொண்டது, எங்களுக்குக் கிடைத்த ஒரே பிற்பகலும் அதோடு போனது.

படம் தென்காசிக்கு வந்தபோது எட்டுப் பேரும் குடும்பத்தோடு போனோம். திரையில் எங்கள் மலை. அதன் முன்னால் இருபது கறுப்பு முகமூடி, இருபது வளைந்த வாள். அந்த அம்மாளைத் தோற்கடித்தது டைரக்டர் இல்லை, நான்தான்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குப் பேச்சு தீர்ந்துவிடும். அப்போது இசக்கி பக்கத்தில் கிடக்கிற விளக்குமாற்றை எடுத்து, தரையைத் தொட்டுக் கும்பிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டுவாள். பிள்ளைகள் சிரிக்கத் தயாராக வந்து நிற்பார்கள்.

“பிடிங்க. வெறுங்கையோட நிக்குத ஆள நான் அடிக்க மாட்டேன்.”