வால்வு அண்ணனும் ஓம் சொன்ன பெட்டியும்

பொறுமை என்ற ஒன்றை மின்சாரத்தில் செருகி, சுவிட்சைப் போட்டு, சூடேற்றிக் காட்டிய மனிதர் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்திலேயே வால்வு அண்ணன் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்கள் பகுதியான புந்தோங்கில் யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை.

அண்ணன் லோரி ஓட்டினார். சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில், அந்தக் காலத்துத் துரைமார் கிளப்பை இடித்தபோது குப்பை அள்ளப் போனவர், திரும்பி வரும்போது லோரியின் முன் சீட்டில் ஒரு பெட்டியை உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தார். முன்னால் துணி, மேலே தோல் பிடி, பின்னால் எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் குப்பிகளாக ஐந்தாறு வால்வு.

"ரேடியோலா தம்பி. பழசு. நல்லா திருகுனா சிலோன்கூட எடுக்கும்" என்றார் என்னிடம்.

இரண்டு நாள் திருகினார். மூன்றாம் நாள் பெட்டிக்குள் எங்கிருந்தோ ஒரு மலாய்க்காரர் மெல்லிய குரலில் மழை பெய்யும் என்று சொன்னார். "பாத்தியா!" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். ஆனால் அந்த மலாய்க்காரரோடு சரி, அப்புறம் யாருமே வரவில்லை. மழையும் வரவில்லை.

நூடுல்ஸ் விற்கிற மீ கடையின் சீன முதலாளி, தவுக்கே, இளமையில் ஏதோ பேண்டில் வாசித்தவர். கரண்டியோடு வந்து பெட்டியைப் பார்த்தார். "ரேடியோ அபா? இனி கித்தார் புன்யாலா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரேடியோ இல்லை, கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப். வேறு யாராக இருந்தாலும் அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருப்பார்கள். அண்ணனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வீட்டில் கிட்டாரும் கிடையாது. "அதனால என்னா? வந்ததப் பத்தித் தெரிஞ்சுக்க வேணாமா?" என்று ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார்.

கைப்பேசியில் வெள்ளைக்காரர்கள் பேசுகிற வீடியோ பார்ப்பார். "அவன் பேசுறது பாதி புரியல. மீதிய அவன் கையப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்." நோட்டில் அவர் எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். 'வால்வு சமையக்காரன். சூடு வந்தாதான் வேல செய்வான். கப்பாசிட்டர் தண்ணித் தொட்டி. சுவிட்ச் அணைச்சாலும் தொட்டில தண்ணி நிக்கும். தொட்டா சங்கு.' படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற எனக்கே அது புரிந்தது.

மீ கடையில் சாப்பிட்டுவிட்டு மரக் குச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதைக்கொண்டு ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்டுவார். நல்ல வால்வு பேசாமல் இருக்கும். கெட்டது 'டொங்' என்று ஸ்பீக்கரில் காட்டிக்கொடுத்துவிடும். பழக்கம் முற்றிப்போய்ப் பப்பாளியைத் தட்டினார், கோவில் தலைவரின் மோட்டார் சைக்கிளைத் தட்டினார், ஒருநாள் என் தலையைத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இன்றுவரை எனக்கு அது ஒரு கவலை.

பெட்டியில் இரண்டு சுவிட்ச். முதலாவது வால்வைச் சூடாக்கும். இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவதைப் போட்டால்தான் சத்தம் வரும். அந்த இரண்டு நிமிடம் அண்ணனின் உடம்புக்குள் போய்விட்டது. அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, "சாப்பாடு போடவா?" என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். "என்னாங்க?" என்றால், "இருலா, சூடேறட்டும்." பச்சை விளக்கு விழுந்தும் லோரி நகராது. பின்னால் இருபது கார் ஹார்ன் அடிக்கும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பெட்டி வந்த பிறகு அண்ணன் யாரிடமும் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. கோபம் சூடேறுவதற்குள் எதிராளி வீட்டுக்குப் போயிருப்பான்.

நான் எங்கள் மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கிட்டார் வாசிப்பவன். தெரிந்தது மூன்று கார்ட், மூன்றே சுரக்கூட்டு. அம்மன் அதற்கு மேல் கேட்டதில்லை. கோவில் ஸ்பீக்கர் இடி விழுந்து கெட்டுப்போன வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து, பெண் கேட்பதுபோல் உட்கார்ந்தார். "தம்பி, ஒன்ட்ட ஆம்ப் இல்லாத கிட்டார். என்ட்ட கிட்டார் இல்லாத ஆம்ப். யோசிச்சு சொல்லு. அவசரமில்ல."

அந்த வெள்ளிக்கிழமை பெட்டி கோவிலேறியது. முதல் சுவிட்ச். இரண்டு நிமிடம் நாற்பது பேர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது சுவிட்ச். நான் கிட்டாரைத் தொடவே இல்லை. பெட்டி தானாக, அடிவயிற்றிலிருந்து, 'ம்ம்ம்ம்ம்' என்றது.

முன் வரிசையில் இருந்த அஞ்சலை அக்கா எழுந்துவிட்டார். "ஓம்! ஓம்னு சொல்லுதுடா!"

"அக்கா, அது ஹம்லா! கரண்டு இரையுற ஹம்!" என்றார் அண்ணன்.

"ஹம் இல்ல தம்பி. ஓம்!"

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது, மறைக்கமாட்டேன். கண்ணில் தண்ணீர். பெட்டிக்கு நெற்றி எதுவென்று தெரியாமல் நான்கு பக்கமும் குங்குமம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். பின்பக்கச் சூட்டில் மல்லிகை வெந்து மணத்தது. கூட்டத்தில் அழாதவர் ஒருவர்தான். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஜனை முடிந்ததும் கோவில் தலைவர் அறிவித்தார். அடுத்த மாதம் திருவிழா, பத்து நாளும் காலையிலிருந்து இரவுவரை பெட்டி ஓம் சொல்லும். அதுவரை, வெள்ளிக்கிழமை பஜனை நேரம் தவிர, சாமான் அறையில் பூட்டி வைக்கப்படும். யாரும் கைவைக்கக் கூடாது.

"தலைவரே, தொட்டி காஞ்சுபோச்சு, அதான் அப்படிக் கத்துது. இப்படியே பத்து நாள் ஓட்டுனா உள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மர் எரிஞ்சுபோகும். அது வேற கெடைக்காது. பெட்டி செத்துரும்."

"வால்வு, அம்மனே வந்து ஒக்காந்திருக்கா. நீ ஸ்க்ரூட்ரைவரத் தூக்கிட்டு வார!"

சாமான் அறைச் சாவி என்னிடம் இருந்தது. விளக்கேற்ற முதல் ஆளாக வருவது நான்தான். ஞாயிறு மதியம் அண்ணன் வந்து நின்றார், கையில் ஒரு சின்னப் பொட்டலம், புது கப்பாசிட்டர்கள்.

"முடியாதுண்ணே," என்றேன். "சாமி பேசுறத நான் எப்படி நிறுத்துவேன்? பாவம்ணே."

அண்ணன் கண்ணை மூடினார். நான் காத்திருந்தேன். இரண்டு நிமிடமும் ஆனது.

"தம்பி, வயித்து வலில ஒருத்தன் மொனகுறான். நீ அவனுக்கு மாலை போட்டு, நல்லா பாடுறேன்னு சொல்லுவியா?"

சாவியைத் திருகிவிட்டேன். அம்மனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான்.

அண்ணன் என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார். "நான் கரண்டுல ஒட்டிக்கிட்டா இதால அடி. பாசம்னு கையப் போட்டு இழுக்காத, நீயும் ஒட்டிக்குவ." கரண்டு நெஞ்சைக் கடக்கக் கூடாதென்று இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, ஒரே கையால் தொட்டியில் நின்ற மின்சாரத்தை வடித்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே விழுந்திருந்த குங்குமத்தைப் பெயிண்ட் பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, கீழே போடாமல், தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் புது கப்பாசிட்டர்களைப் பொருத்தி முடித்த ஒரு மணி நேரமும் கட்டையைத் தூக்கியபடியே நான் கந்தர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. முதல் சுவிட்ச், இரண்டு நிமிடம், இரண்டாவது சுவிட்ச். பெட்டி ஒன்றுமே சொல்லவில்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"எங்கடா ஓம்?" என்றார் தலைவர்.

"அம்மா போயிட்டாளா?" அஞ்சலை அக்காவின் குரல் உடைந்துபோனது. நாற்பது பேரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் பயந்துவிட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், சூடேறுகிறார்.

பிறகு வாயைத் திறந்தார். வாழ்நாளில் ஒரு பாட்டுக்கூடப் பாடாத மனிதர், "ஓம்ம்ம்" என்றார். பெட்டி பாடிய அதே சுருதி. என் கிட்டாரில் ஜி-க்குக் கொஞ்சம் மேலே, எந்தக் கட்டையிலும் சரியாக நிற்காத இடம். வீட்டில் அத்தனை நாளும் லேசாக வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவர் தொண்டையில் அது ஊறியிருந்தது. அஞ்சலை அக்கா சேர்ந்துகொண்டார். தலைவர் கடைசியாக, ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகச் சேர்ந்தார். நான் கம்பியைத் தட்டினேன். பெட்டியிலிருந்து வந்த அந்த ஒரு நாதம், தேன் ஊற்றினால் சத்தம் வரும் என்றால் அப்படித்தான் வரும். திருவிழாவின் பத்து நாளும் ஓம் சொன்னது நாங்கள்தான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அண்ணனும் அக்காவும் இப்போது ஜொகூரில் மகள் வீட்டில், பதினான்காவது மாடியில் இருக்கிறார்கள். அங்கே சத்தம் ஆகாதாம். பெட்டியையும் நோட்டையும் இரண்டு மீ குச்சியையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, "கூரை ஒழுகுற பக்கம் வெக்காதலா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை முதல் சுவிட்சைப் போட்டதும் அவருக்குப் போன் போடுவேன். அக்காவின் முட்டிவலி, மகள் வீட்டு லிப்ட், ஜொகூர் மீயில் உப்பு அதிகம், எல்லாம் பேசுவார். நடுநடுவே, "சூடேறிருச்சா தம்பி?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லண்ணே" என்பேன்.

ஏறி வெகுநேரம் ஆகியிருக்கும். அம்மன் சந்நிதியில் நின்றுகொண்டு நான் சொல்கிற ஒரே பொய் அதுதான். அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.