முதல் பெயர்: முனுசாமி

என் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையில் என் படம் இருக்கிறது, என் ரத்த வகை இருக்கிறது. பெயர் மட்டும் என்னுடையது இல்லை. கொட்டை எழுத்தில் முனுசாமி என்று போட்டிருக்கும். டிப்ளமா முடித்த புதிதில் நான் ஒரு பொத்தானை அழுத்தியதன் விளைவு அது. ஆகவே, எதையும் அழுத்துவதற்கு முன்னால் யோசியுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யும் முழுத் தகுதியும் எனக்கு உண்டு.

முனுசாமி என் அப்பா. வீட்டில் நைனா என்று கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் இரும்போடு வெந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். மூடிய பிறகும் காலையில் குளித்துவிட்டு, மணவாள நகர் டீக்கடைக்குப் போய், கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் படித்தது மெக்கானிக்கல். (“பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஸ்பேனரு?” என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது வீரமாகப் பதில் சொன்னவள் நான்தான். பிறகு கம்பெனிகளும் அதே கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டன.) ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் செக்யூரிட்டியிடம் ரெஸ்யூம் கொடுத்தேன். ஒரு அண்ணன் அதை வாங்கி, என் கண்ணெதிரிலேயே விரித்து, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்தார்.

அன்றைக்குத்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. நம் ரெஸ்யூமை எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே நேரத்தில் அவர்களே அனுப்பிவிடுவார்களாம். நாம் விவரம் நிரப்பி, காசு கட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கேட்டுக்குக் கேட்டு அலைந்த காலுக்கு அது தேவவாக்காகத் தெரிந்தது.

முதல் கட்டத்தில் ‘முதல் பெயர்’ என்று கேட்டார்கள், இரண்டாவதில் ‘கடைசிப் பெயர்’. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து நான் மு. கலைவாணி. முதலில் வருவது எது? மு. அதை விரித்தால் முனுசாமி. கடைசியில் வருவது கலைவாணி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசிக்காமல் நிரப்பினேன்.

அடுத்தது போன் நம்பர். எங்கள் வீட்டில் அதற்கு அம்மா போட்ட சட்டம் ஒன்று நெடுநாளாக அமலில் இருந்தது. “பொம்பளப் புள்ள நம்பர கண்டவனுக்கும் குடுக்காத. எதுவா இருந்தாலும் உங்க நைனா நம்பரப் போடு.” கேஸ் புக்கிங்கிலிருந்து கல்லூரி வரைக்கும் அப்படித்தான். விரல் பழக்கத்தில் நைனா நம்பரைப் போட்டுவிட்டது. நைனாவிடம் சொல்லவில்லை. அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில், எனக்கு வேலை தேடுகிறேன் என்று சத்தமாகச் சொல்ல மனசு வரவில்லை. கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பொத்தானை அழுத்தினேன்.

பல நாளாக வாய் திறக்காமல் கிடந்த நைனாவின் போன் அடிக்க ஆரம்பித்தது.

அடித்தது என்றால், அப்படி அடித்தது. கோழித் தீவனக் கம்பெனி, கல்யாண மண்டபம், ஜிம், லோன் வாங்கச் சொல்கிறவர்கள், இன்ஷூரன்ஸ் விற்கச் சொல்கிறவர்கள் (இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது). எல்லாரும் ஒரே கேள்வி: “முனுசாமி சாருங்களா?” அவரும் ஒரே பதில்: “ஆமாங்க, முனுசாமிதான்.” மில் மூடியபோது பழைய சூப்பர்வைசர் ஒருவர் எல்லாருடைய பயோடேட்டாவையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். அது ஒருவழியாக ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நைனா நினைத்துக்கொண்டார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசுவார். திரும்பி வரும்போது நடை மாறியிருக்கும்.

“யாருய்யா அது, ஓயாம போன்ல?” என்று அம்மா கேட்டார்.

“ராங் நம்பரு.”

“ராங் நம்பர்கிட்ட சிரிச்சிக்கினே பேசுவியா?”

அந்த வாரம் எனக்கு ஒரு மெயில் வந்தது. கும்மிடிப்பூண்டியில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. ‘அன்புள்ள முனுசாமி, வியாழக்கிழமை நேர்முகத் தேர்வுக்கு வரவும்.’ பெயரைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். (இந்த இடத்தில் என் தலையில் நானே குட்டிக்கொள்வது வழக்கம்.)

புதன்கிழமை நைனா தலைக்கும் மீசைக்கும் டை அடித்தார். வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பி, “பெரியபாளையம் போய் அம்மனைப் பாத்துட்டு வந்துர்றேன்” என்றார். பவானி அம்மனைப் பார்க்க டை எதற்கு என்று அம்மா முணுமுணுத்தார். நானும், செவ்வாப்பேட்டையில் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

கம்பெனியில் ஒரு நீளமான அறை. இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் இடம் பிடித்து, வெர்னியர் காலிபரின் அளவுகளை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

“முனுசாமி! யாரு முனுசாமி?”

எழுந்தேன். முன்வரிசையிலும் ஒருவர் எழுந்தார். பிடரியில் டை வழிந்த கோடு ஒன்று தெரிந்தது. அந்த முடியை எனக்குத் தெரியும்.

அவர் திரும்பினார்.

“நீ இன்னாம்மா இங்க கீற? செவ்வாப்பேட்ட போறேன்னு சொன்ன?”

“நீ இன்னா நைனா இங்க? கோயிலுக்குன்னு சொன்ன?”

அறையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். “ஒரு முனுசாமிதானே வரணும்?” என்றாள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. முதல் பெயர், நம்பர், வெளியே போய்ப் பேசிய போன்கள், டை, எல்லாம். எனக்கு மெயில் அனுப்பியவர்கள் அவருக்குப் போனும் செய்திருக்கிறார்கள். அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. மில்லில் கொடுத்த சான்றிதழ்கள், உறை போட்டு. இவரை யாருமே கூப்பிடவில்லை என்று இத்தனை பேர் முன்னால் நானா சொல்வது? அப்போது எனக்கு வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது.

“அவர்தாங்க முனுசாமி. நான் சும்மா துணைக்கு வந்தேன்” என்றேன்.

நைனா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுக்க மூடவில்லை. உள்ளே ஒரு அதிகாரி ரெஸ்யூமைப் படிப்பது கேட்டது. ரெஸ்யூம் அனுப்பும் புண்ணியவான்கள் தங்கள் பங்குக்கு முதல் வரியில் ஒரு பாராட்டு சேர்த்திருந்தார்கள். “முனுசாமி ஒரு துடிப்பான இளைஞர்” என்று படித்தவர், அப்படியே நிறுத்திவிட்டார். நிமிர்ந்து பார்த்திருப்பார்.

“டிப்ளமா எந்த வருஷம் முடிச்சீங்க சார்?”

பிறகு நைனாவின் குரல், “அந்த பேப்பர கொஞ்சம் காட்டுங்க சார்.” காகிதம் கை மாறும் சத்தம். அதில் என் கல்லூரிப் பெயர் இருக்கிறது, என் மதிப்பெண் இருக்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை. என் தோளில் கை வைத்தார்.

“உள்ள போ. முனுசாமியக் கூப்புடுறாங்க.”

“நைனா...”

“பைய என்கிட்ட குடுத்துட்டுப் போ. கண்ணத் தொடச்சிக்க.”

துடைத்துக்கொண்டு போனேன். முதல் கேள்வி, “நீங்க எந்த முனுசாமி?” எனக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கலோடுதான் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். நம்பரும் அவருடையதாக இருக்கிறதே என்றார்கள். அம்மாவின் சட்டத்தை விளக்கினேன். ஒரு அதிகாரி மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார், பேனா விழுந்துவிட்டது போல. (பேனா மேஜை மேல்தான் இருந்தது.)

திரும்பும் பஸ்ஸில் நைனா ஜன்னலோரம் உட்கார்ந்து என் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பெரியபாளையம் வந்ததும் எழுந்தார்.

“எறங்கு. கோயிலுக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வந்துகீறேன். பொய்யாவக் கூடாது.”

அம்மன் முன்னால் அவர் வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். டை கலந்த வியர்வை காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் என் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். அப்போதுதான் சிரித்தார். “துடிப்பான எளைஞராமே” என்றார். சன்னிதியில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பூசாரி முறைத்தார்.

வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் உள்ளபடியே அட்டை அச்சாகி வந்தது: பெரிதாக முனுசாமி, அடியில் பொடி எழுத்தில் கலைவாணி. மாற்ற எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நைனாவிடம் கேட்டேன். அட்டையை வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இருக்கட்டுமே” என்றார்.

இருக்கிறது. கம்பெனியில் எல்லாருக்கும் நான் முனுசாமி மேடம்தான். வீட்டில் நைனாவுக்கு யாராவது போன் செய்தால் அம்மா விடுவதில்லை: “எந்த முனுசாமி வேணும்? வேலைக்குப் போறதா, ஊட்ல கீறதா?” நைனாதான் முதலில் சிரிப்பார்.

காலையில் அவர் இன்னமும் டீக்கடைக்கு வருகிறார், என் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு. பஸ் வந்து நின்றதும் டிரைவர் தலையை நீட்டி, “முனுசாமி வந்தாச்சா?” என்று கத்துவார்.

“வந்தாச்சி வந்தாச்சி, ஏத்திக்கினு போ” என்பார் நைனா.