பதிமூன்றாம் தனிமத்துக்கு நாங்கள் வழங்கிய நீதி

இயற்கை எத்தனையோ பிழைகள் செய்திருக்கிறது. அவற்றைக் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றித் திருத்திய ஒரே அமைப்பு எங்கள் வினாத்தாள் குழு. அதன் செயலாளர் அடியேன் என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி இதுதான்: மெக்னீசியம், அலுமினியம் இரண்டில் எதற்கு அயனியாக்கும் ஆற்றல் அதிகம்? அதாவது, எந்த உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குவது கஷ்டம்? ‘அலுமினியம்’ என்று விடைக்குறிப்பு எழுதியவர் தலைவர். ஆமோதித்தவர் துணைத்தலைவர், தலைவரின் மச்சான். இருவரும் உள்ளறையில், ஏசிக்கு நேர்கீழே, ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

விடைத்தாள் திருத்த வந்த தற்காலிக ஆசிரியைக்கு மட்டும் வராந்தாவில் ஒரு ஸ்டூல். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் கொடுத்த மனு என் மேஜையில் கிடந்தது. அதைக்கூட யோசிக்காமல் அந்தப் பெண் வாசலில் வந்து நின்றார்.

“சார், விடை மெக்னீசியம் சார்.”

“ஏம்மா, பன்னெண்டு பெரிசா, பதிமூணு பெரிசா?” என்றார் தலைவர்.

“பதிமூணு சார்.”

“அலுமினியம் எத்தனாவது தனிமம்?”

“பதிமூணாவது. ஆனா எலக்ட்ரான் எப்படி உக்காந்திருக்குன்னு பாக்கணும் சார். மெக்னீசியத்துல கடைசி ரெண்டும் மூணு-எஸ்ங்கிற அறையில ஜோடியா, உள்ள தள்ளி இருக்கு. அசைக்கிறது கஷ்டம். அலுமினியத்துல ஒண்ணு மட்டும் மூணு-பிங்கிற அறையில தனியா, வெளிய இருக்கு. லேசா தட்டினாப் போதும், போயிடும்.”

“எதுக்கு வம்பு அத்தான்? ஓட்டெடுப்பு வச்சிடலாம்” என்றார் மச்சான்.

இரண்டுக்குப் பூஜ்யம் என்று அலுமினியம் வென்றது. நான் நடுநிலை வகித்தேன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

முடிவுகள் வந்தன. சரியாக எழுதிய பலர் ஒரு மதிப்பெண்ணில் தோற்றார்கள். பெற்றோர் வாசலை முற்றுகையிட்டார்கள். ‘தவறுக்குப் பொறுப்பான ஒருவரை உடனே நீக்குக’ என்று மேலிடத்து உத்தரவு பறந்து வந்தது.

அவசரக் கூட்டம். தலைவரை அசைத்தால் மச்சான் விடமாட்டார். மச்சானை அசைத்தால் தலைவர் வீட்டுக்குப் போக முடியாது. மூவரும் ஒரே சமயத்தில் வராந்தாவைப் பார்த்தோம். அங்கே வெளியே, ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து அந்த ஆசிரியை அடுத்த தேர்வின் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஆணையை எழுதியவன் நான். அரைப் பக்கம், ஒரு கையெழுத்து, மூன்று நிமிடம்.

படித்துவிட்டு அவர் கேட்டார்: “என் வேலை போகட்டும் சார். பிள்ளைங்களுக்காகவாவது அந்த விடையைத் திருத்துவீங்களா?”

வெட்கமாகத்தான் இருந்தது. “குழு பரிசீலிக்கும்மா” என்றேன்.

விடைக்குறிப்பில் இன்றும் அலுமினியம்தான். ஆனால் அவர் சொன்ன பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்து காட்டியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.