நாரிக்கு நாலு திருகாணி

"வெட்டிருங்க டொக்டர்," என்றாள் பரீனா.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். நாரி நோவு, அதாவது இடுப்பு வலி, அவளுடைய கணவன் முனீபுக்கு. லொறி ஓட்டி ஓட்டி வந்த வினை. அவனோ இடுப்பைப் பிடித்தபடி கதிரை நுனியில் இருந்தான்.

"அவசரமில்லை அம்மா. இடுப்பெலும்புக்கு நடுவில இருக்கிற தட்டு கொஞ்சம் பிதுங்கி நரம்பில முட்டுது. பயிற்சியைத் தொடர்ந்தாலே அனேகமாச் சுகம் வரும்."

அந்தப் பயிற்சிதான் பரீனாவின் வயிற்றில் நெருப்பு. மூன்று கிழமையாக முனீப் கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலையில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறான். வீடு திரும்பினால் ஒரே கதை. "பயிற்சி குடுக்கிற ஷிஃபானா மிஸ்ஸுக்கு என்ன பொறுமை புள்ள! அவ கால நீட்டிவிட்டா நோவே தெரியாது."

பரீனா தானே எண்ணெய் காய்ச்சித் தேய்த்துப் பார்த்தாள். இறால் பொரித்தாள். அத்தர் பூசினாள். மிஸ்ஸின் புகழ்தான் கூடியது.

"பயிற்சி வேணாம். ஒப்பரேசன்!"

"செய்யலாம். சின்னக் கீறல் போட்டு, பிதுங்கின துண்டை மட்டும் எடுப்பம். பிறகு ஆறு கிழமை பயிற்சி."

"பிறகுமா? அதவிடப் பெருசு இல்லையா?"

"எலும்பைக் கொஞ்சம் செதுக்கி நரம்புக்கு இடம் விடலாம். பிறகு ரெண்டு மாசம் பயிற்சி."

"அதுக்கும் மேல?"

"தட்டை எடுத்துப்போட்டு, நாலு திருகாணி பூட்டி எலும்பை ஒட்டவைக்கிறது. இவருக்கு அது தேவையே இல்லை. செய்தா ஆறு மாசம் பயிற்சி."

பரீனாவுக்குத் தலை சுற்றியது. வெட்டு பெரிதாகப் பெரிதாக அந்த ஷிஃபானாவும் நீளுகிறாளே!

"நான் என்ன லொறியா புள்ள, ஆணி பூட்ட?" என்று முனகினான் முனீப்.

"வாய மூடுங்க! நாரி உங்களுக்கு, நீங்க எனக்கு. அந்த மிஸ்ஸ நான் இப்பவே பாக்கணும்."

"அங்க போகாத புள்ள!" முனீப் பதறி எழுந்தான். நாரி பிடித்துக்கொள்ள, பாதி வளைந்தபடியே நின்றுவிட்டான்.

பயிற்சி அறையில் தாடிக்காரன் ஒருவன் பாய் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க ஷிஃபானா?" என்றாள் பரீனா.

"ஆரு?"

"என்ட மனிசன் முனீபுக்குக் கால் நீட்டுற மிஸ்!"

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அவருக்குக் கால் நீட்டுறவன் நான்தான் ராத்தா, நஸ்ரி. அந்தப் பேரைச் சொன்னாத்தான் நீங்க அவரைத் திரும்பிப் பாக்கிறீங்களாம். தேடி வந்தா 'மிஸ் லீவு' எண்டு சொல்லச் சொன்னவர், மறந்துபோனன்!"